டேங்குக்குப் போட்ட குல்லா

2007 டிசம்பர் 19, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். காலையிலிருந்து மூடுபனி, இடையிடையே தூறல், வராந்தா வெப்பமானியில் ஒன்பது டிகிரி. எங்கள் வீட்டு ஜெனரேட்டர் முதல் முறையாக நின்ற நேரம் அது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு விழிப்பவர்கள் உண்டு. இரண்டு நாளாக அந்த எஞ்சின் இரைச்சலுக்குள்ளேயே கிடந்த என்னை அது நின்றுபோன அமைதிதான் எழுப்பியது. அடுத்த நொடி பக்கத்து அறையில் ஆக்சிஜன் மெஷின் கீச்சிட்டது. கரண்ட் போனால் அது அப்படித்தான் கூப்பிடும்.

அந்த மெஷின் என் மனைவிக்கானது. கட்டிலோரம் வைக்கும் சிறிய அலமாரி அளவு இருக்கும், அடியில் சக்கரங்கள். அறைக் காற்றை உள்ளே இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக அவள் மூக்குக்கு அனுப்பும். அவளுடைய நுரையீரல் சுருங்கிக்கொண்டு வந்தது. மதுரை டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "இவ்வளவு உயரத்துல நீங்க இருக்கவே வேண்டாம்னுதான் சொல்லுவேன். இருந்தே ஆகணும்னா கரண்ட் நிக்காமப் பாத்துக்கங்க."

அவள் கொடைக்கானல் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தியவள். "கீழ போனா எனக்கு வேர்க்கும்" என்றாள். அதற்கு மேல் ஒரு காரணமும் அவளிடம் யாராலும் வாங்க முடியவில்லை.

திண்டுக்கல்லில் இருக்கும் எங்கள் மகள் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். "கரண்ட் நிக்காதவரைக்கும் அங்கயே இருங்க. மெஷின் நின்னு அம்மா ஆக்சிஜன் சிலிண்டருக்குப் போற நெலமை வந்துச்சுன்னா நான் காரை எடுத்துட்டு வந்துருவேன். அப்புறம் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்ப்பா." அதற்காகத்தான் அக்டோபரில் அந்த டீசல் ஜெனரேட்டரை வாங்கினோம்.

எஞ்சினோடு வந்த டேங்க் சின்னது, இரண்டு லிட்டர்தான் பிடிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான் கேனோடு நிற்க முடியாது என்று, ஊருக்குள் கடை வைத்திருக்கும் மெக்கானிக் துணைக்கு ஒரு பெரிய டேங்க் வைத்துக் கொடுத்தார். நூறு லிட்டர் டிரம். சமையலறைக்குப் பின்னால், ஜெனரேட்டர் கொட்டகைச் சுவரையொட்டி, இரும்புத் தாங்கியின் மேல் உயரத்தில் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு ஹோஸ் கீழே சின்ன டேங்குக்கு வரும். சின்ன டேங்குக்குள் ஒரு மிதவை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருப்பது போல. டீசல் குறைந்தால் மிதவை இறங்கி வழிவிடும், நிறைந்தால் ஏறி அடைக்கும். பம்பும் இல்லை, வயரும் இல்லை. டிரம்மின் மேலே டீசல் ஊற்ற ஒரு மூடி. அதன் பக்கத்தில் காற்றுக்காக நேராக மேலே நிற்கும் முழநீளக் குழாய். அந்தக் குழாயின் வாயில் ஒரு தகரத் தொப்பி கவிழ்த்திருந்தது.

டிசம்பர் 17, திங்கட்கிழமை அடித்த காற்றில் பூம்பாறை ரோட்டில் மரங்கள் விழுந்து கம்பிகள் அறுந்தன. எங்கள் பக்கம் மொத்தமும் கரண்ட் போயிற்று. அதே காற்று அந்தத் தகரத் தொப்பியையும் கொண்டுபோய்விட்டது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எங்கள் ஊரில் மூடுபனி வெறும் காட்சி அல்ல. அது வீட்டுக்குள் வந்து உட்காரும். ஜாடியில் உப்பு கசியும், தீப்பெட்டி நமத்துப்போகும், மடித்து வைத்த போர்வையின் நடுமடிப்பு ஈரமாக இருக்கும். திறந்த குழாய் வழியாக அது டிரம்முக்குள் இறங்கித் தண்ணீராகி, டீசலோடு எஞ்சினுக்குப் போய்விடுமே என்று அன்று மாலை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று முறை சொன்னதாக என் நினைவு. பதினொரு முறை என்பது அவள் கணக்கு.

அவளுக்கு நடக்க மூச்சுப் போதாது. ஆனால் கை ஓயாது. கம்பளி நூலும் ஊசியுமாகப் படுக்கையிலேயே உட்கார்ந்து, வீட்டில் சில்லிடும் எல்லாவற்றுக்கும் உறை பின்னிவிட்டாள். டீ கெட்டில், வெந்நீர்ப் பை, பித்தளைக் கதவுக் கைப்பிடி, டெலிபோன் ரிசீவர், என் கண்ணாடிக்கூடு. வீட்டு வேலைக்கு வரும் அம்மா எங்களுக்குக் கீழே இருக்கும் குடியிருப்பிலிருந்து வருகிறவர். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர் சொல்வார்: "டீச்சரம்மா வூட்டுல மனுசாள்தான் வெறுங்கையா நிக்கிறோம். கதவெல்லாம் தொரை மாதிரி கையுறை மாட்டிக்கிட்டு நிக்குது."

ஆகவே செவ்வாய்க்கிழமை காலை டிரம்மின் காற்றுக்குழாய் உச்சியில் வெள்ளைக் குஞ்சம் வைத்த சிவப்புக் கம்பளிக் குல்லாவோடு நின்றபோது நான் ஆச்சரியப்படவில்லை. மனம் நிறைந்தது. கம்பளிதானே, காற்று போகும், பனி நிற்கும் என்று கணக்குப் போட்டேன். அதன் பிறகு, வீட்டில் மற்ற உறைகளைப் பார்க்காததுபோல அதையும் பார்க்காமல் போனேன்.

எனக்கு டிரம்மை அளக்கிற வேலை இருந்தது. மூடியைத் திருகித் திறந்து, அரை அங்குலத்துக்கு ஒரு கோடு கீறிய மூங்கில் குச்சியை விட்டு, ஈரம் ஏறிய கோட்டைப் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் துடைத்துவிட்டு மறுபடி விடுவேன். மணிக்கு ஒருமுறை. இரவிலும் விடவில்லை. என் வயதுக்காரன் எப்படியும் எழுந்துதான் ஆக வேண்டும்.

புதன்கிழமை மதியம் சாப்பிடும்போது அவள் முகத்தைச் சுளித்தாள். "ஏங்க, ரசத்துல டீசல் வாசம் வருது."

"ரசத்துல இல்ல, என் கையில."

"ரெண்டு நாளா நீங்க ஒரு மணி நேரம் சேந்தாப்பல கண்ணை மூடல. போய்ப் படுங்க. அந்த டிரம்மு ஓடிராது."

படுத்தேன். மூன்று இருபதுக்கு எஞ்சின் நின்றது.

வேலைக்கார அம்மா அதற்குள் சிலிண்டர்க் குழாயை அவள் மூக்கில் பொருத்தியிருந்தார். எங்களிடம் இருந்தது ஒரே சிலிண்டர். நான் கொட்டகைக்கு ஓடி, முதலில் டிரம் மூடியைத் திறந்து குச்சி விட்டேன். பாதிக்கு மேல் இருந்தது. நம்பாமல் இன்னும் இரண்டு முறை விட்டேன். பிறகு சின்ன டேங்கைத் திறந்து பார்த்தேன். அதுவும் நிறைந்திருந்தது. இரண்டிலும் டீசல் இருக்கிறது, எஞ்சின் மட்டும் நின்றிருக்கிறது.

டீசல் எஞ்சின் வறண்டு நின்றால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்றாமல் மறுபடி ஓடாது. "ஏர் எடுக்கிறது" என்று அதற்குப் பெயர், மெக்கானிக் சொல்லித் தந்திருந்தார். ஒரு திருகைத் தளர்த்தி, பக்கத்திலுள்ள கைநெம்புகோலை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, கடைசியில் சுத்தமான டீசல். எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. எஞ்சின் கிளம்பியது. மகளிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் சொன்னாள். சொல்லவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் வந்தார். பழனிப் பக்கத்து ஆள், காதை மூடும் மங்கி குல்லாவை எந்த மாதமும் கழற்றாதவர். கதவுக் கைப்பிடி உறையைப் பிடித்துத் திறந்துகொண்டு உள்ளே வந்து, கெட்டிலின் உறையைப் பார்த்தார், டெலிபோனைப் பார்த்தார்.

"டீச்சர், நான் இந்த வீட்ல ரெண்டு நா இருந்தா எனக்கும் ஒண்ணு மாட்டி விட்ருவீங்க போல."

"உங்க வாய்க்கு ஏத்த அளவுல ஊசி இல்லையே" என்றாள் அவள்.

கொட்டகையில் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "குளிரு சார். டீசல் கெட்டியாகி அடைக்கிது."

"ஒன்பது டிகிரியில டீசல் கெட்டியாகாது."

"நீங்க புஸ்தகத்துல பாக்குறீங்க, நான் ஃபில்டர்ல பாக்குறேன்." ஃபில்டரைக் கழற்றினார். கொஞ்சம் அழுக்கு இருக்கத்தான் செய்தது. புதிது போட்டார். டிரம் மூடியைத் திறந்துவைத்து அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினார். ஓடியது. அன்று முழுவதும் ஓடியது. நான் மணிக்கொரு தடவை அளந்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை டீசல் வாங்கக் கேன்களோடு டவுனுக்குப் போனேன். ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினேன். பெட்ரோல் பங்கில் வரிசை, வழியில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது பன்னிரண்டே முக்கால். வீட்டுத் திருப்பத்திலேயே காது தேடிற்று. எஞ்சின் சத்தம் இல்லை.

"பன்னெண்டேகாலுக்கு நின்னுருச்சுங்க ஐயா" என்றார் வேலைக்கார அம்மா. அவள் சிலிண்டர்க் குழாயோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் பின்னல் அப்படியே கிடந்தது. அவள் கை சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாங்கி வந்த டீசலை ஊற்றி, ஏர் எடுத்து, எஞ்சினைக் கிளப்பும்போது சிலிண்டர் முள் பாதிக்குக் கீழே போயிருந்தது.

அன்று மகளே போன் செய்தாள். அம்மாவின் குரலில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தனை தடவைப்பா நின்னுச்சு?"

"ரெண்டு."

"நாளைக்கு வர்றேன்."

ரிசீவரை வைத்தேன். என் மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "ஸ்வெட்டரெல்லாம் இங்கயே வச்சுட்டுப் போயிரலாம்" என்றாள். "அங்க அதுக்குச் சோலி இல்ல."

எனக்கு அன்றிரவு ஒரு விசித்திரமான எண்ணம் வந்தது. நான் தூங்கினேன், நின்றது. நான் வெளியே போனேன், நின்றது. அந்த எஞ்சின் என் முதுகைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை வெள்ளனே மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தேன். இந்த முறை ஹோஸில் எங்கோ காற்று இழுக்கிறது என்றார். ஹோஸை மாற்றினார், இரண்டு முனைக்கும் புது கிளாம்ப் போட்டார். ஓட்டிப் பார்த்தார், ஓடியது. "இனிமே நிக்காது சார்" என்றார். போன தடவையும் அதே குரலில்தான் சொன்னார்.

அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தார் வேலைக்கார அம்மா. அப்போது அறைக்குள்ளிருந்து அவள் என்னைக் கூப்பிட்டாள். மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தித்தான் அவளால் பேச முடியும்.

"நான் இந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கமே கெடக்கேன். எனக்கு அந்தக் கொட்டகையில என்ன நடந்தாலும் கேக்கும். அந்த டிரம்மு மூடிய நீங்க தொறந்தா கிறீச்சுன்னு ஒரு சத்தம் வரும். அது மணிக்கொரு தரம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கேட்டவரைக்கும் எஞ்சின் நிக்கல. நீங்க படுத்தீங்க, சத்தம் இல்ல. டவுனுக்குப் போனீங்க, சத்தம் இல்ல. அப்பத்தான் நின்னுச்சு."

மெக்கானிக் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இத்தனை நாளா வண்டிய ஓட்டுனது நான் போட்ட ஃபில்டர் இல்ல, சாரோட குச்சியா?" என்று சிரித்தார். சிரித்தவர் பாதியில் நிறுத்தி டம்ளரைக் கீழே வைத்தார். "சார், இப்ப நீங்க அளக்கக் கூடாது. என்னாகுதுன்னு பாப்போம். சிலிண்டரு ரெடியா இருக்கட்டும்."

எட்டரை மணிக்கு மூடியை இறுக மூடினோம். நான் சமையலறையில் உட்கார வைக்கப்பட்டேன். ஒன்பதரை ஆயிற்று. என் கை தானாக எழுந்து குச்சியைத் தேடியது. வேலைக்கார அம்மா குச்சியை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "டீச்சரம்மா உத்தரவுங்க." பத்தரைக்கு நான் எழுந்து நின்றேன். உள்ளேயிருந்து அவள், "உக்காருங்க" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் நாற்காலி நகர்ந்ததும் அவளுக்குக் கேட்டுவிட்டது.

பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது எஞ்சின் ஒருமுறை இருமியது. மறுபடி இருமியது. மெக்கானிக் ஓடிப்போய் முதலில் சின்ன டேங்கைத் திறந்தார். அடி தெரிந்தது. மேலே டிரம் நிறைய டீசல், கீழே சொட்டு இல்லை.

பிறகு டிரம் மூடியில் கை வைத்து, வழக்கம்போல் சட்டென்று திறக்காமல், மெதுவாக, மிக மெதுவாகத் திருகினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் காது அப்படி. பின்னால் நின்ற வேலைக்கார அம்மாவுக்குக் கேட்டது.

"ஐயா, மூச்சு இழுக்குதுங்க."

"என்னது?"

"டிரம்மு. மூச்சு முட்டிக் கெடந்த மாதிரி உஸ்ஸுனு உள்ள இழுக்குது."

ஹோஸில் டீசல் சளசளவென்று இறங்கும் சத்தம் எனக்கே கேட்டது. எஞ்சின் இருமலை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது. டிரம்முக்குள் காற்று போகாவிட்டால் டீசல் இறங்காது. குழந்தை பால்புட்டியைச் சப்பும்போது ரப்பர் ஒட்டிக்கொண்டு பால் வராமல் போகுமே, அதுதான். மணிக்கொரு தடவை நான் மூடியைத் திறந்தபோதெல்லாம், அளப்பதாக நினைத்துக்கொண்டு, அதற்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். புதன்கிழமையும் டிரம் மூடியை முதலில் திறந்ததால்தான், நான் பார்ப்பதற்குள் சின்ன டேங்க் நிறைந்திருந்தது.

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து சிவப்புக் குல்லாவைப் பார்த்தோம்.

"கம்பளிதானே, காத்து போகுமே" என்றேன்.

வேலைக்கார அம்மா மெல்லச் சொன்னார். "அடியில பால் கவரு இருக்குங்க ஐயா. கம்பளி நனஞ்சா தண்ணி உள்ள போயிரும், ஐயா பொறகும் வெசனப்படுவாரு, மொதல்ல கவரப் போட்டு ரப்பர் பேண்டு மாட்டு, மேல இதப் போடுன்னு டீச்சரம்மாதான் சொன்னாங்க. திங்கக்கெழம சாயங்காலம் நான்தான் ஏறி மாட்டுனேன்."

மெக்கானிக் குல்லாவைக் கழற்றினார். உள்ளே அரை லிட்டர் பால் கவர், மூன்று ரப்பர் பேண்ட். குழாய் வாய்க்குள் விரல் புகுந்ததுபோல் கவர் குழிந்து இழுபட்டிருந்தது. பழுது பார்க்க வந்தவர் அந்தக் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "தையல் நல்லாருக்கு சார்" என்றார்.

பதினொன்றரைக்கு மகளின் கார் வந்தது. பின் சீட்டில் இரண்டு தலையணையும் மெத்தையும் விரித்து, அம்மா சாய்ந்துகொண்டு வர இடம் தயாராக இருந்தது. நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கணக்கைக் கேட்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். "நான் எப்படிப்பா நம்புறது?"

"மூடியைப் பூட்டி வைப்போம். யாரும் தொட மாட்டோம். நீயே பாரு."

மெக்கானிக் காற்றுக்குழாயில் கீழ்நோக்கி வளைந்த ஒரு முனையைப் போட்டு, வாயில் கொசுவலை போன்ற கம்பி வலையை இறுக்கினார். மழையும் போகாது, பனியும் இறங்காது, காற்று மட்டும் போகும். பன்னிரண்டு மணிக்கு மூடியில் ஒரு பூட்டு போட்டோம். சாவியை மகள் வாங்கித் தன் அம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

மூடியைத் திறக்காவிட்டால் இரண்டரை மணி நேரத்தில் எஞ்சின் நின்றிருக்கிறது, அதுதான் எல்லை. என் மனைவி புதிதாக ஏதோ பின்ன ஆரம்பித்திருந்தாள். நான் மகளைப் பார்த்தேன், அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி தாண்டியது. இரண்டரை. வெளியே எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு மகள் எழுந்து கொட்டகைக்குப் போய், எஞ்சின் முன்னால் கைகட்டிச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

"பனி எறங்குறதுக்குள்ள நான் வெரசா கெளம்பணும்" என்றாள்.

அம்மாவின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். காரிலிருந்து இரண்டு தலையணைகளையும் எடுத்துவந்து கட்டிலில் வைத்தாள். "கொண்டு வந்தது கொண்டு வந்துட்டேன். வச்சுக்கங்க."

மகள் போன பிறகு நான் குல்லாவை என் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பால் கவரைத் தனியாக எடுத்துவிட்டிருந்தேன். ஆனால் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நானேதான் என் மூச்சை அடைச்சேனா?"

"பனிக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகல."

"உங்க பொலம்பல் தாங்காமப் போட்டது" என்றாள். சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அவளுக்கு மூச்சு வாங்கும். குழாயைச் சரிசெய்துகொண்டு, நிதானித்து, மறுபடி சிரித்தாள். எனக்கும் வந்தது.

கிளம்பும்போது மெக்கானிக் சொல்லியிருந்தார், இனி மணிக்கொரு தடவை அளக்கத் தேவையில்லை, நாளுக்கு ஒருமுறை போதும் என்று. நான் அதற்குப் பழக முயன்றுகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு அவள் தலையணைக்கு அடியில் கைவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"போய்ப் பாத்துட்டு வாங்க."

"வேண்டாம்னாரே."

"எஞ்சினுக்கு வேண்டாம். எனக்கு அந்தக் கிறீச்சு கேக்கணும்."

அதன் பிறகும் நான் மணிக்கொரு தடவை அளந்தேன். ஞாயிறு மாலை கம்பியில் கரண்ட் வரும்வரை எஞ்சின் நிற்கவில்லை. சிவப்புக் குல்லா இப்போது அளவுக்குச்சியின் தலையில் இருக்கிறது, கை சில்லிடாமல் பிடிக்க.

பழுதின் செலவுக் கணக்கில் டீசலைச் சேர்க்கவில்லை. பழுது இல்லாவிட்டாலும் அது எரிந்திருக்கும். ஃபில்டர் நூற்று எண்பது, ஹோஸும் கிளாம்ப்பும் நூற்று நாற்பது, வலை போட்ட முனை நாற்பத்தைந்து, மெக்கானிக் இரண்டு முறை வந்ததற்கு அறுநூறு, சிலிண்டரை மறுபடி நிரப்ப நானூற்று ஐம்பது. பூட்டு வீட்டில் இருந்தது. நூல் பழைய ஸ்வெட்டரில் பிரித்தது. ஆக மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பதினைந்து ரூபாய்.